‘ஆகாது மேடம்’ என்று பெயர் வாங்கிய மேலாளருக்கு

கேள்வி:

மண்டபத்துக்கு அருகில் உள்ள ஒரு நண்டு பதப்படுத்தும் கம்பெனியில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். வயது 39. தரப்பரிசோதனைப் பிரிவில் சாதாரணப் பணியாளராகச் சேர்ந்து இந்த இடத்துக்கு வந்தவள். எனக்குக் கீழே சுமார் எழுபது பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் சுற்றுவட்டார மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். எதைக் கேட்டாலும் எனக்கு முதலில் கெட்டதுதான் தோன்றுகிறது. வெளிநாட்டில் சரக்கு வாங்குபவரிடமிருந்து இரண்டு நாள் மின்னஞ்சல் வராவிட்டால் ஆர்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறேன். பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினாலே இந்த வாரம் நண்டு வராது என்று எல்லோர் முன்னாலும் புலம்புகிறேன். சதை எடுக்கும் மேசைகளை மாற்றிப் போட்டால் நேரம் மிச்சமாகும் என்று இளம் மேற்பார்வையாளர் ஒருத்தி சொல்ல வந்தபோது, அவள் முடிப்பதற்குள் ‘அது ஆகாது’ என்றேன். எனக்கு ‘ஆகாது மேடம்’ என்று பெயர் வைத்திருப்பதும் காதில் விழுந்தது. சென்ற மாதம் குளிர் அறைக் கதவின் ரப்பர் கிழிந்திருந்ததை இரண்டு நாள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், ‘சொன்னா நீங்க பதறிருவீங்கன்னு விட்டுட்டோம்’ என்கிறார்கள். ‘நல்லதையே நினை’ என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்தேன், மேசைமீது வாசகங்கள் ஒட்டினேன், பயனில்லை. என் அம்மாவும் இப்படித்தான். இது பிறவிக் குணமா? மாற்ற முடியுமா? இதை முதலாளியிடமும் பணியாளர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மேசைமீது ஒட்டிய வாசகங்களைக் கழற்றிவிடுங்கள். அவை உங்களுக்கு உதவாததற்கு உங்கள் மனவுறுதிக் குறைவு காரணமன்று. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்றும், நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குமேல், நினைக்கலாம் என்று பின்னர் அனுமதி கொடுத்தபோது, தொடக்கத்திலேயே அனுமதி பெற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்கு அந்தக் கரடி கூடுதலாக நினைவில் வந்தது. ‘கெட்டதை நினைக்காதே’ என்று காலையில் எழுந்ததும் தனக்குத் தானே சொல்லிக்கொள்பவர், அன்றைக்குக் காவல் காக்க வேண்டிய கரடியைத் தானே அவிழ்த்துவிடுகிறார்.

இரண்டாவதாக, கெட்டதை முன்கூட்டியே பார்க்கும் உங்கள் கண்ணை நான் குறையாகக் கருதவில்லை. காற்றுப் புகாமல் டப்பாவில் அடைத்த நண்டுச் சதை குளிர்ச்சி தப்பினால் பொட்டுலிசம் என்னும், நரம்புகளைத் தாக்கும் கொடிய நச்சு உண்டாகும் அபாயம் உள்ள தொழிலில், ‘எல்லாம் நல்லபடி நடக்கும்’ என்று புன்னகைத்துக்கொண்டிருக்கும் மேலாளரை நானாக இருந்தால் வேலைக்கு வைக்க மாட்டேன். தரப்பரிசோதனையிலிருந்து உங்களை இந்த நாற்காலிக்கு ஏற்றிவிட்டதும் அநேகமாக அந்தக் கண்தான். ஆகவே உங்கள் சிக்கல் கெட்டது தோன்றுவதில் இல்லை. தோன்றிய பிறகு அது எங்கே போகிறது என்பதில் இருக்கிறது.

இதை விளக்க உங்கள் தொழிலிலேயே ஒரு முறை இருக்கிறது. ஹாசப் (HACCP) என்னும் உணவுப் பாதுகாப்பு முறைக்காக நீங்கள் தினமும் கையெழுத்திடும் பதிவேடுகளைத்தான் சொல்கிறேன். 1960-களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கத் தொடங்கிய அந்த முறையை, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1995-இல் கடலுணவுக்கு விதியாக்கி 1997 முதல் நடைமுறைப்படுத்தியது. அந்த நாட்டுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி எதுவும் அதிலிருந்து தப்ப முடியாது. அதன் முதல் படி என்ன? என்னென்ன கெடுதல் நேரலாம் என்று பட்டியலிடுவது. அதாவது, கெட்டதை நினைப்பதுதான். ஆனால் அது அங்கேயே நிற்பதில்லை. எந்த இடத்தில் அந்தக் கெடுதலைத் தடுக்க முடியும், எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து, அதை யார் எத்தனை மணிக்கு ஒருமுறை அளப்பது, தாண்டிவிட்டால் என்ன செய்வது, செய்தது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது, எங்கே எழுதிவைப்பது என்று படிப்படியாகப் போய், எல்லைக்குள் இருந்தால் சரக்கை விடுவித்துவிடுகிறது. நீங்களோ உங்கள் மனத்துக்குள் முதல் படியை மட்டும் நாள் முழுவதும் செய்துகொண்டிருக்கிறீர்கள். அளவும் இல்லை, எல்லையும் இல்லை, பதிவும் இல்லை. ஆகவே எந்த அச்சத்தையும் ‘பார்த்தாயிற்று, போகலாம்’ என்று விடுவிக்க முடிவதில்லை. நண்டுக்குக் கொடுக்கும் ஒழுங்கை உங்கள் அச்சத்துக்கும் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பாம்பன் கூண்டையே எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் எண் என்பது தொலைதூரக் கடலில் புயல் உருவாகக்கூடிய வானிலை இருக்கிறது என்னும் முன்னறிவிப்பு. துறைமுகத்துக்கு நேரடி ஆபத்து என்று பொருளில்லை. பதினொன்று வரை எண்கள் வைத்திருப்பதே அச்சத்தை அளவாகப் பிரித்துக்கொள்ளத்தான். உங்கள் மனமோ ஒன்றுக்கும் பத்துக்கும் ஒரே கூண்டைத்தான் ஏற்றுகிறது. மின்னஞ்சல் வராததும் ஆர்டர் போனதும் வெவ்வேறு செய்திகள். முன்னது நடந்த ஒன்று. பின்னது நீங்களே எழுதிச் சேர்த்த வாக்கியம்.

பிலடெல்ஃபியாவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களின் உள்ளத்தில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் தாமாகவே, மிக வேகமாக, உண்மை என்னும் தோற்றத்தோடு ஓடுவதை 1960-களில் கவனித்து எழுதினார். அவர் கண்ட சிகிச்சை முறை அந்த வாக்கியங்களை மறுத்து வாதாடச் சொல்வதில்லை. அவற்றைப் பிடித்து நிறுத்தி, சான்று கேட்கச் சொல்கிறது. நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. கைக்கடக்கமான ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனம் கலங்கும்போது, என்ன நடந்தது என்பதைக் கண்ணால் கண்டபடி ஒரு வரியில் எழுதுங்கள். அதையொட்டி மனம் என்ன சொன்னது என்பதை முழு வாக்கியமாக, நாசூக்குப் பார்க்காமல் எழுதுங்கள். அது மெய்யா பொய்யா என்பதை எது காட்டும், எந்தத் தேதிக்குள் காட்டும் என்பதை அடுத்து எழுதுங்கள். ‘செவ்வாய்க்கிழமை வரை பதில் வராவிட்டால் நானே தொலைபேசியில் பேசுவேன்’ என்று அந்த வரி முடிய வேண்டும். அந்தத் தேதி வந்ததும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, நடந்ததை எழுதாமல் விடாதீர்கள். பலர் முதல் பாதியை ஆர்வமாக எழுதிவிட்டு இந்தக் கடைசி வரியைக் கைவிட்டுவிடுகிறார்கள். பயனெல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஏன் என்றால், உங்கள் அச்சங்களில் சில உண்மையாகவே நடந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது கடலுணவு ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனார்கள்; ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று நீங்கள் அன்று சொல்லியிருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் பலித்த ஒன்றை மனம் பத்திரப்படுத்திக்கொள்கிறது, பலிக்காத பலவற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை வரும்போதெல்லாம் சரக்கே இருக்காது என்று நீங்கள் அஞ்சுபவராக இருந்தால், கொள்முதல் பதிவேட்டை எடுத்து, கடந்த ஆண்டுகளில் அந்த இரண்டு மாதங்களில் நாட்டுப்படகுகளிலிருந்து எத்தனை கிலோ வந்தது என்று பாருங்கள். குறைந்திருந்தால் எவ்வளவு குறைந்தது என்ற எண்ணாவது கையில் கிடைக்கும். எண் கிடைத்துவிட்டால் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

நோட்டை வேலை நேரம் முழுவதும் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1983-இல் வெளியிட்ட எளிய முறை ஒன்று இன்றும் எங்கள் மனநலத் துறையில் பயன்படுகிறது: கவலைக்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்குவது, மற்ற நேரத்தில் கவலை எழுந்தால் இதற்கு ஐந்து மணிக்கு நேரம் இருக்கிறது என்று தள்ளிவைத்துவிட்டுக் கையில் உள்ள வேலைக்குத் திரும்புவது. தள்ளிப்போடுவது என்பது அடக்கிவைப்பதைவிட எளிது. படுக்கையை மட்டும் அந்த இடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். அது பட்டப்பெயர் அன்று. பெயர் வைப்பது எல்லாக் கம்பெனியிலும் உண்டு. கிழிந்த ரப்பரை இரண்டு நாள் மறைத்தார்களே, அதுதான் கவலைக்குரியது. கெட்டது நடந்துவிடுமோ என்னும் உங்கள் பதற்றமே, கெட்டது நடக்கும் செய்தி உங்களை வந்தடையாதபடி செய்திருக்கிறது. எமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான கணக்கு நேர்மாறாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தேடியபோது, அங்கே தவறு நடந்ததைத் தலைமைச் செவிலியரிடம் அச்சமின்றிச் சொல்ல முடிந்தது என்பதும், மற்ற இடங்களில் அவை மூடி மறைக்கப்பட்டன என்பதும் தெரியவந்தது. உங்கள் பணியாளர்கள் உங்களிடம் அஞ்சவில்லை, உங்களுக்காக அஞ்சுகிறார்கள் என்று நீங்கள் ஆறுதல் கொள்ளலாம். குளிர் அறைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே, கெட்ட செய்தி வரும் நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை இப்போதே முடிவு செய்துவையுங்கள். ‘ஐயோ, போச்சு’ என்பதற்கும், ‘நான் அப்போதே சொன்னேனே’ என்பதற்கும் பதிலாக, ‘சொன்னது நல்லதாயிற்று. எப்போது பார்த்தீர்கள்? இப்போது வெப்பநிலை எவ்வளவு?’ என்று கேளுங்கள். உள்ளே நெஞ்சு படபடக்கட்டும். அதை நிறுத்த வேண்டியதில்லை. கேள்வி மட்டும் ஒரே மாதிரி வர வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து அப்படியே வந்தால், யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதில் மூத்த ஓர் அக்கா, சோதித்துப் பார்ப்பதுபோலச் சிறிய குறை ஒன்றைக் கொண்டுவந்து சொல்வார். அன்று நீங்கள் நடந்துகொள்ளும் விதம் மதியச் சாப்பாட்டுக்குள் கொட்டகை முழுவதும் பரவிவிடும்.

மேசைகளை மாற்றும் யோசனையைக் கொண்டுவந்த பெண்ணை நீங்களே கூப்பிட்டு, முழுவதும் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொல்லி முடித்த பிறகு உடனே கருத்துச் சொல்ல வேண்டாம். கேரி கிளைன் என்னும் உளவியலாளர் 2007-இல் எழுதிப் பரவலாக்கிய ஒரு முறை உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஆனதாக எனக்குத் தோன்றும்: மேற்பார்வையாளர்களை உட்காரவைத்து, ‘மேசைகளை மாற்றி மூன்று மாதம் ஆயிற்று, முயற்சி படுதோல்வி என்று வைத்துக்கொள்வோம், என்ன காரணத்தால் தோற்றிருக்கும்?’ என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்வது. எழுத வராதவர்கள் வாயால் சொல்லட்டும். ஐஸ் பெட்டி தூரமாகிவிடும், தண்ணீர் வடிகால் அந்தப் பக்கம் இல்லை, எடை போடும் இடத்தில் நெரிசல் ஆகும் என்று காரணங்கள் வரும். அவற்றில் பல உங்கள் மனத்தில் ஓடியவையாகவே இருக்கும், ஆனால் இம்முறை அவை தீர்ப்பாக இல்லாமல் வேலைப் பட்டியலாக வரும்; கெட்டதைப் பார்க்கும் பொறுப்பும் உங்கள் ஒருவர் தலையில் இல்லாமல் பகிர்ந்துபோகும். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பிறகு ஒரே ஒரு மேசையை ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள். அப்புறமும் ஆகாது என்றால் ஆகாதுதான். அதைச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லோர் முன்னாலும் புலம்புவது பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் ‘ஆர்டர் நின்றுவிடும் போல’ என்று சொல்லும்போது உங்களுக்கு அது மனக்கலக்கம். எடுத்த சதையின் எடைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அது வீட்டுச் செய்தி. மகளிர் குழுக் கடனின் அடுத்த தவணையை நினைப்பாள், வேறு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிப்பாள். மேலாளரின் மனநிலை கீழே இருப்பவர்களைத் தொற்றிக்கொள்கிறது என்பது ஆய்வுகளிலும் தெளிவாகக் கண்ட ஒன்று. இதற்காக உண்மையான கெட்ட செய்தியை மறைக்க வேண்டும் என்று பொருளில்லை. மறைத்தால் வதந்தி முந்திக்கொள்ளும். கண்டெய்னர் தாமதமாவது உறுதியானால், எத்தனை நாள், யாருடைய வேலை நாள் குறையும், மீண்டும் எப்போது தகவல் சொல்வீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உறுதியாகாததை நோட்டில் எழுதுங்கள்.

பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். எளிதில் பதறும் இயல்பில் ஒரு பகுதி பிறப்போடு வருவது உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதைக் காட்டியிருக்கின்றன. மீதியைக் கற்றுக்கொள்கிறோம். உங்கள் அம்மாவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீடு கடலை நம்பிய வீடுதானா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடி அழிந்த கதையைக் கேட்டு வளர்ந்த கரை இது. கடலுக்குப் போனவர் புயலில் சிக்காவிட்டாலும் இலங்கைக் கடற்படையிடம் சிக்கலாம் என்று விடியும்வரை காத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டில் கெட்டதை முதலில் நினைப்பது மூடத்தனமன்று, அன்பின் ஒரு வடிவம். அதே பழக்கம் ஒரு மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தப்படும்போதுதான் அளவு மீறிவிடுகிறது. அம்மாவைக் குறைசொல்லும் உளவியலில் எனக்கு உடன்பாடு இல்லை.

இதே கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு: நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது. வலை நிறைந்து வந்தாலும் ‘ஏதோ கிடைத்தது’ என்றுதான் சொல்வோம். நீங்கள் பாராட்டுவதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லாததால் இதைச் சொல்கிறேன். பொதுவாக ‘பிரமாதம்’ என்று சொல்ல நாக்கு எழாவிட்டால், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘நேற்று உங்கள் ட்ரேயில் ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை.’ அது பரிசோதனை முடிவு. அதற்குக் கண் படாது. கேட்பவருக்கோ, மேலாளர் குறையை மட்டும் தேடி வருபவர் அல்லர் என்பது புரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், உயிரோடு இருப்பதே வீண் என்பதுபோன்ற எண்ணம் வருமானால், அது பழக்கமன்று, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். நோட்டோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டும் இரத்தச்சோகையும்கூடச் சோர்வை உண்டாக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. அரசின் டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நம் மாவட்டத்தில் மனநலம் என்றதும் ஏர்வாடியும், 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் மாண்டதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த நினைவாலேயே மருத்துவரிடம் போகத் தயங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து மருத்துவரிடம் பேசிவிட்டு அன்றைக்கே வீடு திரும்புவதற்கும் அந்தக் கொடுமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கடைசியாக, வெளிப்படையாகச் சொல்லலாமா என்ற கேள்வி. முதலாளியிடம் உங்கள் மனநிலையை விவரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குளிர் அறைச் சம்பவத்தைச் சொல்லி, குறைகள் உடனே வந்துசேர ஒரு வழி ஏற்படுத்துகிறேன், அதில் குறை சொன்னவருக்குக் கூலிப் பிடித்தமோ திட்டோ இருக்காது என்று நீங்கள் உறுதி தருகிறீர்களா என்று கேளுங்கள். அந்த உறுதி மேலிருந்து வராவிட்டால் உங்கள் முயற்சி பாதியில் நிற்கும். பணியாளர்களிடம் நீண்ட உரை வேண்டாம். காலையில் வேலை தொடங்குமுன் நின்றபடியே, ‘ஒன்றைக் கேட்டதும் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன், அது எனக்கே தெரிகிறது, இனி முழுவதும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன், மறந்தால் நினைவுபடுத்துங்கள்’ என்று சொன்னால் போதும். நினைவுபடுத்தும் வேலையை அந்த இளம் மேற்பார்வையாளருக்கே கொடுங்கள். உங்கள் பேச்சில் முதலில் அடிபட்டவர் அவர்தான். அவர் முதல்முறை நினைவுபடுத்தும்போது உங்களுக்குச் சுருக்கென்று தைக்கும். அதையும் ஐந்து மணிக்கு ஒத்திவையுங்கள்.